இரண்டாவதுதானே!

தமிழில் முதல் பிரசவத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது: தலைப்பிரசவம். பிறக்கும் பிள்ளைக்கும் பெயர் உண்டு: தலைச்சன். வளைகாப்பு, கை நிறையக் கண்ணாடி வளையல், கலந்த சாதம், தாய்வீட்டுப் பயணம் என்று எல்லாச் சீரும் முதல் பிள்ளைக்குத்தான். அடுத்த பிள்ளைக்கு நம்மவர்கள் வைத்திருப்பது ஒரே ஒரு சொல். "இரண்டாவதுதானே!"

எனக்கு 2019இல் மகன் பிறந்தான், 2023இல் மகள் பிறந்தாள். இரண்டுமே சுகப்பிரசவம். மகனைச் சுமந்துகொண்டு வானொலியில் காலை நிகழ்ச்சி செய்த நாள்களில் நேயர்கள் அழைத்து அறிவுரை சொல்லியே பாதி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். மாடிப்படி ஏறாதே, பப்பாளி தின்னாதே, இடதுபக்கமாகப் படு. மகளைச் சுமந்தபோது அதே நேயர்கள், "உங்களுக்குத் தெரியாததா!" என்று சிரித்துவிட்டுப் பாட்டு கேட்டார்கள். அன்பில் குறைவில்லை. இவள் ஒருமுறை பெற்றவள், இனி இவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணம்தான். இந்த எண்ணம் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

முதலில் சரியான பாதி. உடம்புக்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறது. ஒருமுறை விரிந்த வயிற்றுத் தசை மறுமுறை சீக்கிரம் இடம் கொடுக்கும். அதனால் வயிறு முன்னதாகவே தெரியத் தொடங்கும். "நாலாம் மாசமேவா? ரெட்டைப் பிள்ளையா?" என்று என் அத்தை கேட்டார். குழந்தையின் அசைவை முதல் கர்ப்பத்தில் 20ஆவது வாரம் வாக்கில் உணர்பவர்கள், அடுத்த முறை 16ஆவது வாரத்திலேயே உணர்வதுண்டு. அது வாயு இல்லை, பிள்ளை என்று இப்போது அடையாளம் தெரிந்துவிடுகிறது. முதல் பிள்ளையின் தலை பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இடுப்புக்குள் இறங்கிவிடும். இரண்டாவது பிள்ளை வலி தொடங்கும்வரை மேலேயே மிதந்துகொண்டிருக்கலாம். "இன்னும் தலை இறங்கவில்லை, நாள் இருக்கிறது" என்று நம்பி ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிடக் கூடாது.

பெரிய வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. முதல் பிரசவத்தில் கருப்பை வாய் முதலில் மெலிந்து, பிறகுதான் திறக்கும். அடுத்த முறை இரண்டும் சேர்ந்தே நடக்கும். வலி சீராகப் பிடித்து, கருப்பை வாய் நன்றாகத் திறக்கத் தொடங்கிய பிறகு முதல் பிரசவத்துக்குச் சராசரியாக 8 மணி நேரமும், அடுத்தடுத்த பிரசவங்களுக்கு 5 மணி நேரமும் ஆகும் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட மருத்துவ வழிகாட்டி. முதல் பிரசவம் 18 மணி நேரத்தையும், அடுத்தது 12 மணி நேரத்தையும் தாண்டுவது அபூர்வம். இது சராசரிக் கணக்கு. சிலருக்கு இதைவிடவும் விரைவாக முடிந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் முடிந்தது. மகனுக்கு முதல் வலியிலிருந்து 14 மணி நேரம். நடந்தேன், மைலோ குடித்தேன், முதுகில் ஊசி போட்டார்கள், கொஞ்சம் தூங்கவும் தூங்கினேன். மகளுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வலி பிடித்தது. மகனைத் தூக்கத்தோடு அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். மருத்துவமனையில் பரிசோதித்த தாதி, "8 சென்டிமீட்டர், முதுகு ஊசிக்கு நேரமில்லை" என்றார். ஏழு மணிக்குள் மகள் என் மார்பில் இருந்தாள். கேட்டவர்களெல்லாம் "கொடுத்து வைத்தவள்" என்றார்கள். ஆனால் வேகமான பிரசவத்தில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே மூச்சு வாங்கக்கூட இடமிருப்பதில்லை. பிள்ளை பிறந்து அரை மணி நேரம் என் கைகால் நடுக்கம் நிற்கவில்லை. என் உடம்பு முடித்துவிட்ட வேலையை மனம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அதனால் இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள், நேரத்தைப் பற்றியது. "போன தடவை ஒரு பகல் முழுக்க ஆனதே" என்று குளித்து, சாமி கும்பிட்டு, சாவகாசமாகக் கிளம்பாதீர்கள். வலி சீராக வரத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கும் உண்டு. காலை ஏழு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மூத்த பிள்ளையை நடுராத்திரியில் யாரிடம் விடுவது என்பதை 36ஆவது வாரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் போதாது, இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.

இனி சரியில்லாத பாதிக்கு வருகிறேன். முதல் பிரசவம் நன்றாக நடந்தால் இரண்டாவதும் நன்றாகவே நடக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். ஆனால் முதல் பிள்ளையைத் தொடாமல் இரண்டாவது பிள்ளையைத் தேடி வரும் சிக்கலும் உண்டு. இரத்த வகை அதில் ஒன்று. தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், வயிற்றில் உள்ள பிள்ளைக்கு பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி அதன் இரத்த அணுக்களை அழிக்கத் தொடங்கும். கடுமையான இரத்தச்சோகை, மஞ்சள் காமாலை என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. வழக்கமாக 28ஆவது வாரம் வாக்கில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்திருந்தாலும் மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடையேதான் ஆர்எச் நெகட்டிவ் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் இரத்த வகை என்னவென்று பிங்க் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

முதல் பிள்ளை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான் என்பது கட்டாயமில்லை. ஒருமுறை சிசேரியன் செய்துகொண்டு, அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயல்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி சொல்கிறது. பழைய தையல் இடத்தில் கருப்பை கிழியும் அபாயம் ஏறக்குறைய 200இல் 1. சிறிய எண்தான், ஆனாலும் அறுவைச் சிகிச்சைக்கு எந்த நேரமும் தயாராக உள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும். முடிவை மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவத்தை வைத்து எடுக்க வேண்டாம்.

முதல் கர்ப்பத்தில் நீரிழிவு வந்திருந்தால் மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட்டால், இனிப்புத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்கும் அந்தச் சோதனையை முன்கூட்டியே செய்வார்கள். கிளினிக்கில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புத்தகத்தில் ஒட்டுகிறார்களே, அந்த நிறம் முதல் பிரசவத்தில் நடந்ததையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவாகிறது. "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்று ஒரு வரியில் முடிக்காமல், இரத்த அழுத்தம், அதிக இரத்தப்போக்கு, குழந்தையின் எடை என்று நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது அதற்காகத்தான்.

பிறந்த பிறகும் வித்தியாசம் உண்டு. பால் கொடுக்கும்போது அடிவயிற்றைப் பிழிவதுபோல ஒரு வலி வரும். விரிந்த கருப்பை சுருங்குகிற வலி அது. முதல் பிள்ளைக்கு அதை நான் உணரவே இல்லை. இரண்டாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பிரசவத்துக்கும் இந்த வலி கூடும் என்று தாதி சொன்ன பிறகுதான் பயம் போனது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பால் கொடுப்பவர்கள் எந்த மாத்திரை எடுக்கலாம் என்று மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சட்டமும் என் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மாறியது. மகன் பிறந்தபோது சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாளானது. தனியார் துறையில் வேலை செய்யும் கணவர்களுக்கும் 7 நாள் விடுப்பு சட்டத்தில் இடம்பெற்றது. 38 நாள் கூடியதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் விடுப்பு கூடியபோது ஆள் குறைந்திருந்தது. மகனுக்கு அம்மா 40 நாள் கூடவே இருந்தார். பத்தியக் குழம்பு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய குளியல் தண்ணீர், ராத்திரி பிள்ளை அழுதால் முதலில் எழுவதும் அவர்தான். நான்கு வருடத்தில் அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகளுக்கு இரண்டு வாரம்தான் இருக்க முடிந்தது. "நீ பாத்துக்குவம்மா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் தெரிந்தவளுக்கும் இரண்டு கைதான். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்பார்கள். குழந்தை தூங்கும்போது மூத்தவன் விழித்திருந்தான். டயப்பரை விட்டு இரண்டு வருடமான பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தான். மழலையில் பேசினான். "பாப்பாவைத் திருப்பிக் கொடுத்துடலாம்மா" என்றான். தம்பி தங்கை வந்த வீட்டில் மூத்த பிள்ளைகள் இப்படிப் பின்னால் போவது வழக்கமான ஒன்றுதான். திட்டாமல் இருந்தால் தானாகச் சரியாகும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்த தாய்க்கு, ஒரு பிள்ளையை வாங்கி இன்னொன்றைத் தொலைத்துவிட்டது போலிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவது என் அன்றாட வேலையாகியிருந்தது. பார்க்க வந்தவர்கள் குழந்தையின் மூக்கு யார் சாயல் என்று பேசினார்கள். முதல் பிரசவத்தில் "உனக்கு எப்படி இருக்கு?" என்று பத்து முறை கேட்ட அதே உறவுகள்தான். வீட்டுக்கு வந்த கிளினிக் தாதி ஒருவர்தான் குழந்தையை எடை போட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "புவான் மாச்சாம் மானா?" என்று கேட்டார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்ற அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவரே என்னை மருத்துவரிடம் அனுப்பினார். சில மாதங்களில் தேறிவிட்டேன்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும் இரண்டு வாரத்துக்குள் அது போய்விடுவதும் இயல்பு. இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். எத்தனையாவது பிள்ளை என்று பார்த்து அது வருவதில்லை. முதல்முறை வராதவர்களுக்கு இரண்டாம் முறை வரலாம். முதல்முறை வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியல் என்று ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் 10 கேள்விகள்தான். கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் எண் 15555.

நம் உறவில், பக்கத்து வீட்டில், அலுவலகத்தில் இரண்டாவது பிள்ளை பெற்றவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். இந்த வாரக் கடைசியில் அவரைப் பார்க்கப் போங்கள். பிள்ளைச் சட்டை வேண்டாம், மூத்ததன் சட்டையே மூட்டையாய்க் கிடக்கும். இரண்டு வேளைக்குப் பத்தியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மூத்த பிள்ளையை ஒரு மணி நேரம் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.