கருவிக் குறிப்பை எழுத வேண்டியவர் யார்?

மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-இல் ஒப்புதல் அளித்தது. கணினிக்கு அடுத்தபடியாக வருவது செயற்கை நுண்ணறிவு முகவர். அங்கத்தினர் கேட்பதை அறிந்து, தனக்களிக்கப்பட்ட கருவிகளுள் தக்கதைத் தானே தெரிந்தெடுத்து வேலையை முடிக்கும் நிரல் அது. கருவியின் உட்புறத்தை அது காண்பதில்லை. பெயரையும், அதனுடன் எழுதப்பட்ட சில வரிக் குறிப்பையும், உள்ளீடுகளின் விவரத்தையுமே படிக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் ஏற்பாடு இதுவே.

இருப்பைப் பார்க்க ஒரு கருவி, இருப்பைத் திருத்த மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிற்கும் ‘நூல் இருப்புக்கானது’ என்றே குறிப்பிருந்தால், இருப்பை விசாரித்த நெசவாளரின் கணக்கே மாறிவிடக்கூடும். (சங்கத் தீர்மானப் புத்தகங்களைப் படித்தவர்க்கு இவ்வித வாசகம் புதிதன்று!) ‘40’ என்பது எடையா, நூலின் நம்பரா? நம்பரானால், ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டம் 40 அடங்கிய நூல். அளவு கிலோவிலா, கட்டிலா? 5-6 என்பது ஜூன் ஐந்தா, மே ஆறா? இவற்றைக் குறிப்பிலேயே சொல்லல் வேண்டும். கருவி எதைச் செய்யாது என்பதையும் சொல்லல் வேண்டும்.

தொழிற்பேட்டை கொண்ட அம்பத்தூரை அடுத்த நமது மேனாம்பேட்டில் நிரல் எழுதுவோர்க்குக் குறைவில்லை. எனினும் 2/40 என்பது இரட்டைப்புரி நூல் என்பதைக் கிடங்குப் பொறுப்பாளரே அறிவார். ஆகவே அவர் உடனிருந்தே குறிப்பு எழுதப்படல் வேண்டும் என்பது நமது துணிபு. நிர்வாகக் குழு அதைத் தமிழில் படிக்கக் கேட்ட பின்னரே கருவியை அனுமதிக்கலாம். கணக்கைத் திருத்தும் கருவியோ, குறிப்பு எத்துணைத் தெளிவாயினும், காரியதரிசியின் சம்மதமின்றி இயங்கலாகாது.