கம்பிகளின் சுருதி

துவிச்சக்கரவண்டி பழுது பார்க்கும் கடைகளில், வண்டியைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் சக்கரத்தின் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கிறார்களே, அஃது எதற்காக என்று பத்தாந்தர மாணவன் ஒருவன் சென்ற கிழமை என்னிடம் வினவினான். நானோ தமிழ் கற்பிப்பவன். பௌதிக ஆசிரியரிடம் கேட்க வேண்டியதை அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் நாள்தோறும் அவ்வண்டியில் கல்லூரிக்கு வந்துபோவதைக் கண்டிருப்பதேயாகும். விடை எனக்குத் தெரியும். ஆனால் அதை எனக்குக் கற்றுத் தந்தவரைப் பற்றியும் சொன்னாலன்றி அந்த விடை நிறைவு பெறாது. ஆகவே வகுப்பிலே சுருங்கச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். வாசக நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

சக்கரத்தின் வளையத்தை நடுக்குடத்தோடு பிணைத்து நிற்பவை மெல்லிய கம்பிகள். பழைய ஆங்கிலேய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40. ஏறியிருப்பவனின் பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேலேயே இறங்குவதால் இந்த வேறுபாடு. வண்டி நிற்பது இக்கம்பிகளின் இழுவையினால். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரத்தை அயலிலுள்ளவை சுமக்கின்றன. வளையம் ஒரு புறமாகச் சாய்கிறது. சக்கரம் குடிகாரனைப் போல ஆடத் தொடங்குகிறது. இதைக் கோட்டம் என்பர். கோட்டம் எடுப்பவன் கண்ணால் வளையத்தையும் காதால் கம்பியையும் சோதிக்கிறான். நீளமும் பருமனும் ஒன்றாயிருக்க, இழுவை நான்கு மடங்கானால் கம்பியின் மீடிறன் இரு மடங்காகும். சங்கீத வித்துவான்களின் மொழியிற் சொன்னால், ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிவிடும். பிரெஞ்சு நாட்டுத் துறவியான மரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட இசைநூலில் இவ்விதியை எடுத்துரைத்தார். ஹுன்னஸ்கிரியவிலே தகரக் கூரையின் கீழ்க் கடை வைத்திருக்கும் என் நண்பன் மெர்சென் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் பின் சக்கரத்தில் சங்கிலி ஓடும் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிடச் சற்று மேலான சுருதியில் ஒலிக்க வேண்டுமென்பதை அவன் பதினாறு வயதிலேயே அறிந்திருந்தான்.

சக்கரத்தையும் நரம்பையும் ஒருங்கே கையாண்டவர்கள் வேறு தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒகையோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு நகரம் உண்டு. அங்கே சகோதரர் இருவர் 1892இல் துவிச்சக்கரவண்டிக் கடையொன்றைத் திறந்தனர். சில ஆண்டுகளில் தாமே வண்டிகளைச் செய்யவும் தொடங்கினர். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அவர்களே என்பதை மாணவர் அறிவர். இளையவராகிய ஓர்வில் மாண்டலின் வாசித்தார், மூத்தவர் வில்பர் ஹார்மோனிக்கா ஊதினார் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. தம்பியின் மாண்டலின் ஓயாது ஒலிப்பதால் வீட்டில் இருக்க முடியவில்லையென்று அவர்தம் சகோதரி தந்தையாருக்குக் கடிதம் எழுதினாராம்! எங்கள் வீட்டில் என் அன்னையாரும் அதே முறைப்பாட்டைச் செய்தார். கடிதம் எழுதவில்லை, வாயாலேயே சொன்னார்.

அன்னையாரின் முறைப்பாடு மாண்டலினைப் பற்றியதன்று, தகரத்தைப் பற்றியது. என் தந்தையார் ஹுன்னஸ்கிரியவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவரிடம் பழைய ரலி வண்டியொன்று இருந்தது. அவர் உறங்கும் ஞாயிறு பிற்பகல்களில் அது எனக்கும், லயத்துக் கடைசிக் காம்பராவிலிருந்த என் நண்பனுக்கும் உரியதாகிவிடும். அவனுடைய பாட்டனார் அந்தக் காலத்திலே விடியுமுன் பிரட்டுக் களத்துக்கு ஆட்களை அழைக்கத் தப்படித்தவர். தந்தையாரும் தப்புக் கலைஞர். ஆகவே நண்பனின் கைகள் சும்மா இருந்ததில்லை. வண்டியின் சேற்றுத் தடுப்பு, எங்கள் வீட்டுத் தகரக் கதவு, அரிசிப் பெட்டி யாவும் அவனுக்குத் தப்பே.

எங்கள் ஊர்த் தெருவை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு தெல்தெனியாவைக் கடந்து மலையேறி ஹுன்னஸ்கிரியவை அடைகிறது. (பழைய தெல்தெனிய நகரத்தை 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது, இன்று நாம் காண்பது மேட்டிலே புதிதாக எழுந்த நகரம்.) இத்தகைய தெருவில் துவிச்சக்கரவண்டி பாதி வழி நம்மைச் சுமக்கும், மீதி வழி நாம் அதைச் சுமக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் சமதரையில் வளர்ந்த என் சக ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டு நகைத்தார். ஆனால் நட்பு வளர்ந்தது அந்த மீதி வழியிலேதான் என்பேன். இறங்கும்போது காற்று காதை அடைத்துவிடும், பேச்சுக்கு இடமில்லை. ஏறும்போது வண்டியை நடுவில் வைத்து, இருபுறமும் இருவரும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். வானொலியிற் கேட்ட சினிமாப் பாடல்களை நான் பாடுவேன். அவன் இருக்கையின் தோலிலே தாளமிடுவான். மூச்சு வாங்கினால் பாட்டு நிற்கும், தாளம் நிற்காது.

பின்னர் என்னைக் கண்டிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அங்கே மிருதங்கம் பயின்றேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியனானேன். அவன் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கடைத்தெருவிலே பழுது பார்க்கும் கொட்டகையொன்றை அமைத்தான். இருவருக்குமிடையில் 'மச்சான்' என்ற அழைப்பு மாத்திரம் மாறவில்லை, 2011 வரை.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. அவ்வாண்டு நான் அப்போது கற்பித்த கல்லூரியில் கலைவிழாவொன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் தொடக்க நிகழ்ச்சியாகத் தப்பாட்டம் ஆட விரும்பினர். நான் நண்பனை அழைத்து, பிள்ளைகளைப் பயிற்றுமாறு கேட்டேன். அவன் அகமகிழ்ந்து இசைந்தான். விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பெரியவர்கள் சிலர் என்னிடம் வந்து, சாவு வீட்டிலே அடிப்பதை மங்கள விளக்கேற்றும் மேடையிலே அடிப்பதா என்றார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. தப்பு எந்தச் சாதியாரின் கையில் இருந்தது என்பதே அது. நான் மறுத்துப் பேசவில்லை. மிருதங்கம் கற்ற என் மனத்தின் ஒரு மூலையிலும் அதே எண்ணம் பதுங்கியிருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக்காக அவன் முதல் முறை வந்த நாளன்று வாயிலிலேயே மறித்து, "இப்ப வேணாம் மச்சான், பிறகு பாப்போம்" என்றேன். அவன் கையில் சாக்கிலே சுற்றிய தப்பு இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, தலையசைத்துவிட்டுப் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தான். அடுத்த முறை கடைத்தெருவிற் கண்டபோது, "எப்பிடி இருக்கீங்க சேர்?" என்றான்.

அந்தச் 'சேர்' பதினோராண்டுகள் நீடித்தது.

இதிலே விந்தை யாதெனில், அந்தப் பதினோராண்டுகளும் நான் வகுப்பிலே ஐந்திணைக் கருப்பொருள்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் தொல்காப்பியர் கருப்பொருளாக எண்ணுகிறார். குறிஞ்சிக்குரிய பறை தொண்டகம் என்று கரும்பலகையில் எழுதுவேன். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு. யன்னலுக்கு வெளியே நிற்பதும் குறிஞ்சி நிலமே. அங்கே மாசி மாதத்தில் வளர்பிறையில் கம்பம் நட்டு, பௌர்ணமியளவும் காமன் கூத்தாடும்போது ஒலிக்கும் பறைக்குப் பெயர் தப்பு என்று ஒருநாளும் எழுதியதில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி 1940இல் நூலாக வெளியிட்டதையும், அப்பாடல்களை மேடைகளிலே பாடியதையும் உருக்கத்தோடு சொல்லியிருக்கிறேன். அச்சிலே வந்தவற்றுக்கு மரியாதை செய்வது எளிது.

2022இல் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போனதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் இரு வாரங்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. என் மோட்டார் சைக்கிள் மூலையில் நின்றது. அது வரையில் எவரும் திரும்பிப் பாராத துவிச்சக்கரவண்டிகள் வீட்டுக் கோடிகளிலிருந்தும் கோழிக்கூட்டுக் கூரைகளிலிருந்தும் வெளிப்பட்டன. தந்தையாரின் ரலியும் வெளிவந்தது. டயர் இரண்டும் வெடித்திருந்தன. பின் சக்கரம் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது.

எங்கள் கடைத்தெருவில் கோட்டம் எடுக்க வல்லவன் ஒருவனே. வேறு வழியில்லை.

கொட்டகை முன்னே பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. "வச்சிட்டுப் போங்க சேர், நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றான். நான் போகவில்லை, மரப்பெட்டியொன்றில் அமர்ந்தேன். மாலையாகிக் கூட்டம் கலைந்த பின் என் வண்டியை எடுத்தான். சக்கரத்தைச் சுழலவிட்டான். பிறகு கண்களை மூடிக்கொண்டு கம்பிகளைச் சுண்டத் தொடங்கினான். நாற்பது கம்பிகள். என் காதும் சும்மா இருக்கவில்லை. ஓரிடத்திலே ஓசை பிசகவே, "அது கூடுதலா ஏறியிருக்கு" என்றேன். அவன் கண் திறவாமலே, "அதுல பிழையில்ல. பக்கத்துல உள்ளவன் தளந்துட்டான், அதுனாலதான் இவன் கத்துறான்" என்றான். சொன்னபடியே அயற்கம்பியின் திருகை அரைச் சுற்று முடுக்கினான். உரத்து ஒலித்த கம்பி தானாகவே அடங்கிற்று. வளையம் நேராயிற்று.

பன்னிரண்டு வருடம் மிருதங்கம் வாசித்தவன் நான். எனக்கு ஓசை கேட்டது. அதன் காரணம் கேட்கவில்லை.

அப்போது 2011ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினேன். நீண்ட நேரம் பேசினேன் போலும். அவன் கம்பிகளைச் சுண்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்து, இறுதியில், "அன்னைக்கு திரும்பி வர்றப்ப நல்ல மழை. சாக்கு பத்தல. தோல் நனைஞ்சி போச்சி. ரெண்டு நாளா காயல" என்றான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டேன். எல்லோரிடமும் வாங்கும் தொகையையே சொன்னான். ஒரு ரூபாய் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

அன்று அவனும் கடையை மூடிவிட்டு, தன் லுமாலா வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு ஏற்றத்தில் நடந்தான். மறுநாளும் நடந்தான். எரிபொருட் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னரும் நான் பழைய வண்டியை விடவில்லை. உடற்பயிற்சி என்று வைத்தியரிடமும், சிக்கனம் என்று மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் உண்மையே. கல்லூரியிலிருந்து இறங்கி வர இருபது நிமிடம் பிடிக்கும். கடைத்தெருவிலிருந்து வீடு வரை ஏறுவதற்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் வீட்டு நிலவரம், தேயிலை விலை, பழைய பாட்டு யாவும் வந்துபோகும். கடையில் ஆட்கள் இருக்கும்போது நான் இன்னமும் 'சேர்'தான். கடைசி வளைவைத் தாண்டினால் 'மச்சான்'.

குறிஞ்சிப் பாடம் நடத்தும் நாளில் இப்போது அவன் தன் தப்போடு வகுப்புக்கு வருகிறான். வலக்கையிற் பிடிப்பது தடித்த அடிகுச்சி, இடக்கையிற் பிடிப்பது மெல்லிய சிண்டுக்குச்சி என்பதையும், குளிரிலே இளகிய தோலை வைக்கோல் நெருப்பிற் காய்ச்சி ஏற்றுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறான். முதன்முறை வந்தபோது மாணவர் இருவர் வெட்கித் தலைகுனிந்ததைக் கண்டேன். தோட்டத்துப் பிள்ளைகள்தாம். அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்த வெட்கம் எனக்குப் பழக்கமானது. பாடம் முடிந்தபின் அவ்விருவரில் ஒருவன் தங்கி நின்று குச்சியை வாங்கிப் பார்த்தான். சக்கரத்துக் கம்பியைப் பற்றிச் சென்ற கிழமை கேட்டவன் அவனே.

2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். நண்பனின் மகனும் அவர்களுள் ஒருவன். வளைகுடா நாடொன்றில் இருக்கிறான்; ஒழுங்காகப் பணம் அனுப்புகிறான். காமன் கூத்தில் தந்தையோடு இரண்டாந் தப்பை அடித்துவந்தவன் அவன்தான். சென்ற சில மாசிகளில் அந்த இடத்துக்கு அயல் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அவரும் இப்போது கொழும்புக்குப் போய்விட்டார். முந்தாநாள் ஏற்றத்திலே இதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். வரும் மாசியில் நான் வந்து வாசிக்கிறேன், மிருதங்கத்தையும் கொண்டுவருகிறேன் என்றேன்.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அத கொண்டு வராத மச்சான். ராவு பனியில அது செத்துரும், அத நெருப்புலயும் காட்ட ஏலாது. மகன்ட தப்பு வீட்ல சும்மாத்தான் தொங்குது" என்றான். சாலையோரத்தில் கிடந்த இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றைக் கல்லிலே அடித்துக் குட்டையாக்கினான். இரண்டையும் என் கையில் தந்து, தன் வண்டியின் இருக்கையை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.