வினாவை எழுதுபவர் யார்?

இருபத்துநான்கு மணிநேரமோ நாற்பத்தெட்டு மணிநேரமோ உறக்கமின்றிக் கணினியின் முன் அமர்ந்து, கொடுக்கப்பட்ட சிக்கலொன்றுக்கு நிரல் எழுதித் தீர்வு காணும் போட்டிக்கு ஹக்கத்தோன் என்று பெயர். நம் பல்கலைக்கழகங்களில் இது இன்று புதுமையன்று. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012 இல் 'யாழ் கீக் சலஞ்' போட்டியைத் தொடங்கி, குடாநாட்டை அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்காக்குவோம் என்ற முழக்கத்தை எழுப்பியது. போர் தின்ற தலைமுறைக்குப் பின்வந்த இளைஞருக்கு அம்முழக்கம் நம்பிக்கை அளித்ததை நாம் மறுக்கவில்லை. இப்பொழுது நிதித்துறையையும் நிரலாக்கத்தையும் இணைத்த போட்டிகள் மாணவரை அழைக்கின்றன. முகாமைத்துவ மாணவனும் கணினி மாணவியும் ஒரே மேசையில் அமர்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த மேசையில் வைக்கப்படும் வினாத்தாளை எழுதியவர் யார்? அதைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

ஹக்கத்தோன் என்ற சொல்லின் வரலாறே நமக்கொரு பாடம். 1999 ஜூன் மாதம் கனடாவின் கல்கரி நகரில் 'ஓப்பன் பி.எஸ்.டி.' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கிய பத்துப் பேர் ஒன்றுகூடினர். மறைகுறியீட்டு மென்பொருள் ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகளுக்கு அப்பால் நின்று, எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய நிரலை எழுதுவதே அவர்கள் நோக்கம். எழுதியது உலகின் பொதுச்சொத்தாயிற்று. அதே சொல் கால் நூற்றாண்டுக்குள் வங்கிகளின் மேடைக்கும் நிதிக் கம்பெனிகளின் மேடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வென்ற ஓர் அணிக்குப் பரிசும் கைதட்டலும் கிடைக்கும். தோற்ற அணிகளின் இரவுகளுக்குக் கூலி கொடுப்பவர் எவருமில்லை. அவர்களின் எண்ணங்கள் மாத்திரம் கம்பெனியின் பார்வைக்கு இலவசமாகப் போய்ச் சேர்கின்றன.

கூலியை விட்டுவிடுவோம், வினாவைப் பார்ப்போம். வங்கியின் வாசலை மிதியாதவனுக்குக் கைத்தொலைபேசியில் கடன் கொடுப்பது எப்படி? அவனுடைய அழைப்புகளையும் செலவுகளையும் ஆராய்ந்து அவன் திருப்பிச் செலுத்துவானா என்று முன்னறிவது எப்படி? இத்துறையின் போட்டிகளில் திரும்பத் திரும்ப வருபவை இத்தகைய வினாக்களே. 'நிதி உள்ளடக்கம்' என்ற அழகிய பெயரும் இவற்றுக்கு உண்டு. ஏழை ஏழையாயிருப்பது கடன் அவனை எட்டாமையினாலேயே என்ற கருத்து இவ்வினாக்களுள் ஒளிந்திருக்கிறது.

இக்கருத்து வடக்கின் அனுபவத்துக்கு முற்றிலும் மாறானது. 2009 இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் இங்கு விரைந்து வந்தவற்றுள் லீசிங் கம்பெனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் முன்வரிசையில் நின்றன. கணவனை இழந்தவளும், வெறுங்கையோடு மீளக்குடியமர்ந்தவளும் அவற்றின் வாடிக்கையாளராயினர். ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டவேண்டும்; அயலவளே அயலவளின் படலையில் கடன்காரியாக வந்து நின்றாள். ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கினாள். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் ஆண்டுக்கு 220 வீதம் வரை சென்றதை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. கடன் எட்டாமல் அழிந்தவர்களா இவர்கள்? கடன் எட்டிப் பிடித்ததால் அழிந்தவர்கள் அல்லவா!

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருத்தி 50,000 ரூபா கடன் பெறுகிறாள். ஆண்டுக்கு 24 வீத வட்டி என்கின்றனர். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களில், வாரம் ஏறத்தாழ 1,192 ரூபாவாகக் கட்டவேண்டும். ஆனால் முதல் வாரமே அவள் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறாள். ஆறு மாதத்தில் ஏறத்தாழப் பாதி அவள் கையில் இல்லை. அப்படியிருந்தும் வட்டி முழு 50,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணித்தால் அந்த 24 வீதம் உண்மையில் 44 வீதமாகும். அவள் ஒப்பமிட்ட தாளில் இந்த 44 எங்கே இருக்கிறது? இதைக் கணித்துக் காட்ட ஒரு மாணவனுக்கு இருபது வரி நிரல் போதும். எனினும் கடன் கொடுப்பவன் எழுதும் வினாத்தாளில் இவ்வினா ஒருநாளும் இடம்பெறாது.

கடன் கைத்தொலைபேசிக்குள் புகுந்தால் என்ன நேரும் என்பதை அயல்நாடான இந்தியா காட்டிவிட்டது. அங்கே 2020 இல் உடனடிக் கடன் செயலிகள் கடனாளியின் தொலைபேசியிலிருந்த பெயர்களையெல்லாம் கவர்ந்து, உறவினருக்கும் நண்பருக்கும் அவமானச் செய்தி அனுப்பின. தெலங்கானாவில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2022 இல் ரிசர்வ் வங்கி அச்செயலிகளுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. அச்செயலிகள் வானத்திலிருந்து விழவில்லை. திறமையுள்ள யாரோ சிலர், தமக்குக் கொடுக்கப்பட்ட வினாவுக்கு நேர்த்தியாக விடையெழுதியதன் விளைவே அவை.

"அப்படியானால் நம் பிள்ளைகள் வேலையின்றி இருக்கவேண்டுமா? கணினியைக் கண்டு அஞ்சும் பழமைவாதிகளா நீங்கள்?" என்று நண்பர் சிலர் கேட்பர். அல்ல. நிதியறிவும் நிரலறிவும் உழைக்கும் மக்களுக்குப் பகையல்ல. அவை யார் கையில் என்பதே கேள்வி. கணக்கைத் தம் கையில் எடுத்த மரபு இம்மண்ணுக்கு உண்டு. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்குப் பின் ஊர்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் முளைத்தன. மூளாயில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பினர். 1972 இல் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபோது, தவறணைக்காரனின் கணக்குக்குக் கட்டுப்பட்டிருந்த தொழிலாளி தன் கள்ளுக்குத் தானே கணக்கு வைக்கலானான். கூட்டுறவில் ஊழலும் ஊர்ப்பெரியவர் ஆதிக்கமும் புகுந்தன என்பர். உண்மை. அதனாலேதான் சங்கத்தின் ஒவ்வொரு சதத்தையும் ஒவ்வோர் அங்கத்தவரும் தமிழில் பார்த்தறியும் ஏட்டை ஆக்கித்தர நிரலாளர் தேவைப்படுகின்றனர்.

ஆகவே மாணவத் தோழர்களே, போட்டியைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. வினாவைக் கைப்பற்றுங்கள் என்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பயில்பவர்களுக்கு, கடனில் மூழ்கிய ஊர்கள் தூரத்தில் இல்லை. அங்குள்ள பெண்கள் தம் கடன் புத்தகங்களோடு வந்து வினாவை எழுதட்டும். தீர்ப்பு வழங்கும் நாற்காலியிலும் அவர்களே அமரட்டும். எழுதப்படும் நிரல் எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்கப்படாமல், கல்கரியில் எழுதியதுபோல் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. வட்டிக் கணக்கைப் பரீட்சைக்கென மட்டும் கற்பித்தது போதும். மாணவன் தன் தாயின் கடன் தாளை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதில் மறைந்திருக்கும் உண்மை வட்டியைக் கரும்பலகையில் எழுதும் நாள் வரட்டும். அந்தக் கணக்கைச் செய்து பழகியவன், கடன்காரர் எழுதிய வினாத்தாளைக் கண்டால் பேனாவை எடுக்குமுன் ஒருகணம் நின்று கேட்பான்: இது யாருடைய வினா?