பதினெட்டு வயதில் நிர்வாகம்

வணிக நிர்வாகத்தை முதுநிலையில் கற்பிப்பதற்கும் இளநிலையில் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு, பாடத்திட்டத்தில் தெரிவதைவிட வகுப்பில் வந்து உட்காருபவரிடம்தான் அதிகம் தெரிகிறது. முதுநிலைக்கு வருபவர் பெரும்பாலும் சில ஆண்டுகள் எங்கேனும் வேலை பார்த்தவர். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் பதற்றத்தையும், சரக்கு வந்து சேராததால் வாடிக்கையாளர் கைநழுவிப் போவதையும், மேலதிகாரி முன் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தையும் பட்டறிந்தே அவர் வருகிறார். பள்ளி முடித்த கையோடு சேரும் பதினெட்டு வயதினருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. யாரையும் நிர்வகித்திராத, யாராலும் நிர்வகிக்கப்பட்டும் இராத ஒருவருக்கு நிர்வாகத்தை எப்படிக் கற்பிப்பது என்பதே இளநிலை வணிகப் படிப்பின் அடிப்படைச் சிக்கல். 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்ட் வணிகப் பள்ளி இன்றுவரை இளநிலைப் பட்டம் வழங்குவதில்லை. அதே அமெரிக்காவில் 2020-21 கல்வியாண்டில் வழங்கப்பட்ட இளநிலைப் பட்டங்களில் ஏறத்தாழ 19 சதவீதம், அதாவது 3.9 லட்சம் பட்டங்கள், வணிகத் துறைக்குரியவை. வேறெந்தத் துறையும் அத்தனை பட்டதாரிகளை உருவாக்கவில்லை.

சிக்கல் புதியதும் அன்று. பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் அமைந்த முதல் வணிகப் பள்ளி எனப் போற்றப்படும் வார்ட்டன் பள்ளி, நிக்கல், எஃகுத் தொழில்களில் பொருள் ஈட்டிய ஜோசப் வார்ட்டன் தந்த ஒரு லட்சம் டாலரைக் கொண்டு, 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவானது. வெளிநாட்டுச் சரக்கின்மீது சுங்கவரி விதித்து உள்நாட்டுத் தொழிலைப் பாதுகாக்கும் காப்புவரிக் கொள்கையை மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதும் நன்கொடையாளர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று. உலகப் பார்வை பேசும் இன்றைய வணிகப் பள்ளிகளின் மூத்த குடி, கதவைச் சாத்தி வைக்கச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கியது என்பது ஒரு வேடிக்கை. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காகக் கார்டனும் ஹவலும், கார்னகி அமைப்புக்காகப் பியர்சனும் எழுதிய இரு தனித்தனி அறிக்கைகள், இளநிலை வணிகப் படிப்பு வெறும் தொழிற்பயிற்சியாகக் குறுகிவிட்டது என்றும் மாணவர்களுக்குப் பொதுக்கல்வியின் அடித்தளம் போதவில்லை என்றும் கடிந்தன. 2011இல் கார்னகி அறக்கட்டளை சார்பில் வந்த ஆய்வு நூலும் ஏறத்தாழ அதே குறையைத்தான் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இக்குறைக்கு ஆசியாவில் கிடைத்த துணிச்சலான விடைகளுள் ஒன்று சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம். வார்ட்டனின் ஒத்துழைப்போடு 2000இல் தொடங்கப்பட்டு, வார்ட்டனிலிருந்தே வந்த ஜானிஸ் பெலேசை முதல் தலைவராகக் கொண்ட இப்பல்கலைக்கழகம், நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரை மண்டபத்தை ஒதுக்கிவிட்டு, நாற்பது ஐம்பது பேர் மட்டுமே கொள்ளும் கருத்தரங்க அறையைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. லாட வடிவில் வளைந்து படிப்படியாக உயரும் மேசைகள், ஒவ்வொருவர் முன்பும் பெயர் அட்டை, நடுவில் நடமாடிக்கொண்டே எவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கும் ஆசிரியர் என்பது அந்த அறையின் அமைப்பு. வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. அடக்கமாக வாய்மூடி இருப்பதையே நல்ல பிள்ளையின் இலக்கணமாகக் கொண்ட பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அறையில் நடக்கும் வழக்காய்வு முறை, அதாவது ஒரு நிறுவனம் நெருக்கடியில் நின்ற தருணத்தை மட்டும் விவரித்து, பின்னர் நடந்ததை மறைத்து, ‘மேலாளர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்’ எனக் கேட்கும் முறை, அனுபவசாலிகளின் விவாதத்துக்காக வளர்க்கப்பட்ட ஒன்று. அனுபவமற்றவர்களிடம் அதைக் கொடுத்தால் பேச்சு வளம் பெருகும். தீர்ப்புத்திறன் பெருகும் என்பதற்கு உறுதியில்லை. படித்துவிட்டுத் தயங்குபவரைவிடப் படிக்காமலே சரளமாகப் பேசுபவர் முந்திக்கொள்ளும் ஆபத்தும் அதில் இருக்கவே இருக்கிறது.

இதே நகரில், இன்றைய வளாகத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நேர் எதிர்த் திசையில் இயங்கிய ஒரு வணிகக் கல்வி முன்பு இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளில், அதாவது வட்டித் தொழில் நடத்தியோர் பலர் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு இடமும் கணக்கெழுதும் மரப்பெட்டியும் வைத்துக்கொண்டு தொழில் செய்த நீண்ட கட்டடங்களில், செட்டிநாட்டிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, ஏடு பார்த்துப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, கடைசியில் முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் நடத்தும் மேலாளாக ஆனான். மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு; தவணை முடிந்ததும் பேரேட்டை ஒப்படைத்து ஊர் திரும்ப வேண்டும். அந்தப் பையனிடம் அனுபவம் முதலில் வந்தது, கோட்பாடு வரவே இல்லை. மலாய் மொழியும் கடன் கேட்டு வந்தவரின் முகக்குறிப்பும் அவனுக்குத் தெரிந்திருந்த அளவுக்கு, தன் தொழிலைச் சூழ்ந்திருந்த காலனியப் பொருளாதாரத்தின் அமைப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அதைப் பொற்காலமாக்கிப் புகழ்வது தவறு. எனினும் பல்கலைக்கழகம் தர இயலாத ஒன்று அந்த மரப்பெட்டியின் பக்கத்தில் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டால்தான், உலகப் பார்வை கொண்ட பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்மீது சுமத்தும் கட்டாயங்களின் பொருள் புலப்படும்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறக் குறைந்தது பத்து வார வேலைப்பயிற்சியும் 80 மணிநேரச் சமூகத் தொண்டும் வேண்டும். 2018இல் சேர்ந்தவர்கள் தொடங்கி வெளிநாட்டு அனுபவமும் கட்டாயமாக்கப்பட்டது. இவை மூன்றும் இல்லாத அனுபவத்தை ஈடுகட்டும் ஏற்பாடுகள். குறிப்பாக, அயல்நாட்டில் கழிக்கும் ஒரு பருவத்தின் பயன் அங்கே படிக்கும் பாடத்தில் இல்லை. நிதி மேலாண்மைச் சூத்திரம் மிலானிலும் அதேதான். பேச்சு புரியாத, வழி தெரியாத, தன் ஊர்ச் சாமர்த்தியம் எதுவும் செல்லுபடியாகாத நிலைதான் அங்கே ஆசிரியர். பத்தாண்டு வேலை தரும் அடியை, அந்நியனாக வாழும் ஆறு மாதம் ஓரளவுக்கேனும் தந்துவிடுகிறது. தன் நாட்டுத் தோழர் ஐவருடன் ஒரே வீட்டில் தங்கி, வார இறுதிகளில் விமானம் பிடித்து ஊர் சுற்றித் திரும்புபவருக்கு அந்த அடி விழாது. விடுதி அறைச் சுவரில் ஒட்டப் படங்கள் மட்டும் மிஞ்சும்.

முதலாண்டு லாஸ் ஏஞ்சலிசில், இரண்டாமாண்டு ஹாங்காங்கில், மூன்றாமாண்டு மிலானில் என மூன்று பல்கலைக்கழகங்கள் 2013 முதல் கூட்டாக நடத்தும் உலக வணிக இளநிலைப் படிப்பு, இந்த எண்ணத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது. மூன்று கண்டம், மூன்று பட்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கும் ஆங்கிலமே பயிற்றுமொழியாகவும் உடன்வருவோர் அதே தோழர்களாகவும் இருக்கும்போது, ஊர் மாறுகிறதே தவிர மாணவர் நிற்கும் கூடாரம் மாறுவதில்லை. வார்ட்டனில் 1990களில் தொடங்கிய ஹன்ட்ஸ்மன் திட்டம் இதைவிடக் கடினமானது, அதனாலேயே மேலானது: வணிகத்தோடு பன்னாட்டியலிலும் பட்டம் பெற விரும்புபவர் ஓர் அயல்மொழியில் தேர்ச்சி பெற்று, அம்மொழி பேசப்படும் நாட்டில் ஒரு பருவம் படிக்க வேண்டும். மொழி கற்பவர் தவறு செய்யாமல் ஒரு நாளும் கழிக்க முடியாது. நிர்வாகம் பயில வந்தவருக்கு அதைவிட நல்ல பயிற்சியும் இல்லை.

பயணம் ஒருபுறம் இருக்க, உலகம் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்கும் கண்ணில் படுவதில்லை. ஒரு கடைக்காரர் ஒரே வகைப் பொருளை முதலில் 100 ரூபாய்க்கும் பின்பு 120 ரூபாய்க்கும் வாங்கி, அவற்றில் ஒன்றை 150 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். முதலில் வந்த சரக்கே முதலில் போனது எனக் கணக்கெழுதினால் இலாபம் 50 ரூபாய்; கடைசியில் வந்ததே முதலில் போனது என எழுதினால் 30 ரூபாய். இரண்டாவது வழியை அமெரிக்கக் கணக்கியல் விதிகள் அனுமதிக்கின்றன, பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகள் தடைசெய்கின்றன. விலைவாசி ஏறும் காலத்தில் அந்த 30 ரூபாய் வரியையும் குறைக்கும் என்பதால், இலாபம் என்பது பெட்டியில் கிடக்கும் பொருள்போலக் கண்டெடுக்கப்படுவதில்லை, ஒரு நாட்டின் சட்டமும் வரிக்கொள்கையும் சேர்ந்து வரைவது என்று முதலாண்டு மாணவருக்கே விளங்கிவிடும். அதேபோல் நிறுவனம் யாருடையது என்ற கேள்விக்குப் பங்குதாரருடையது என்று அமெரிக்கப் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும். 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜெர்மானிய நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த வரி அவ்வளவு உறுதியாக நிற்காது. விமானச்சீட்டு வாங்க வசதியில்லாத கல்லூரியிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

இந்தியாவில் இப்போது திசை வேறாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கேயே வளாகம் திறக்கின்றன. 2025இல் குருகிராமில் தொடங்கிய சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வளாகம் இளநிலை வணிக நிர்வாகமும் கற்பிக்கிறது. பாடத்திட்டம், தேர்வுமுறை, பட்டச் சான்றிதழ் ஆகியவை கடல் கடந்து வந்துவிடுகின்றன, கட்டணச் சுமையும் பெற்றோருக்கு ஓரளவு குறைகிறது. ஆனால் காலையில் வீட்டில் உண்டு, பழகிய மெட்ரோவில் ஏறி வகுப்புக்குப் போய், மாலையில் அதே நண்பர்களோடு திரும்பும் மாணவருக்கு அந்நியனாக நிற்கும் அந்த ஆறு மாதம் எந்தப் பருவத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சேர்க்கைக் கையேட்டில் தேடிப் பார்ப்பது, தரவரிசைப் பட்டியலைப் புரட்டுவதைவிடப் பயனுள்ள வேலை.