நிவாரணத்துக்கு ஒரு இடது கை

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் வேலியை ஒட்டி ஒரு சிறு அடைப்பு இருக்கும். புல்பென் என்பார்கள். நீளமான பெஞ்ச், பெரிய மைதானமென்றால் சுவரில் ஒரு தொலைபேசி, ஏழெட்டு ஆட்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் பெரும்பகுதியை இவர்கள் சூயிங்கம் மென்றபடி கழிப்பார்கள். மணி அடித்தால் ஒருவர் எழுந்து கையைச் சூடேற்றிக்கொள்வார். இருபது, முப்பது பந்து எறிந்து முடித்ததும், 'இன்று வேண்டாம், உட்கார்' என்று சொல்லப்படுவதும் உண்டு. அந்த எறிதல்கள் எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. முழங்கைக்கும் தோளுக்கும் மட்டும்தான் அவை தெரியும்.

இவர்களுக்கு ரிலீஃப் பிட்சர் என்று பெயர். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு, ரிலீஃப் என்றதுமே கை தானாக 'நிவாரணம்' என்று எழுதப் போகும். யோசித்துப் பார்த்தால் அதொன்றும் அபத்தமில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை, முறை வைத்து வருவார். நூறு பந்து வரை வீசுவார். அவர் களைத்துப்போய், எதிரணியினர் மூன்று பேஸிலும் நிற்கும்போது, அதாவது வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு, அனுப்பப்படுபவர் இந்த நிவாரணக்காரர்.

இந்த பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த ஓர் இந்தியர்தான் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்துக்காரர். லாரி ஓட்டுநரின் மகன். ஒன்பது குழந்தைகளில் ஒருவர். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார். ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட், கிரிக்கெட் நாட்டில் வேகமாக எறியும் கைகள் கிடைக்காதா என்று தேடி, 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியை இங்கே நடத்தினார். 37 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 2008-ல் ரிங்கு ஒரு லட்சம் டாலர் பரிசை வென்றார். அதுவரை அவர் பேஸ்பாலைத் தொட்டதில்லை. அதே ஆண்டு நவம்பரில், இன்னொரு ஈட்டி எறியும் பையனான வாரணாசிப் பகுதியைச் சேர்ந்த தினேஷ் படேலும் அவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பில் ஒப்பந்தமானார்கள்.

கதை இதுவரை எல்லோருக்கும் தெரியும். 2014-ல் டிஸ்னி எடுத்த படமும் இதோடு முடிந்துவிடுகிறது. இசை ஏ.ஆர். ரஹ்மான். இரண்டு இந்தியப் பையன்களைப் பற்றிய படம் என்றார்கள். ஆனால் கதாநாயகன் அந்த ஏஜென்ட்தான். மனம் திருந்துவதும் காதலில் விழுவதும் அவர்தான். ஒப்பந்தம் கையெழுத்தானதும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுள்ள வருடங்களைப் படமாக்க யாருக்கும் தோன்றாது. அவற்றில் பெரிய வெற்றியும் இல்லை, பெரிய தோல்வியும் இல்லை.

ஒப்பந்தம் என்றால் உடனே பெரிய மைதானம் என்று பொருளல்ல. ஒவ்வொரு பெரிய கிளப்பின் கீழும் படிப்படியாகச் சிறு கிளப்புகள் இருக்கின்றன. ரிங்கு நின்றது அடிப்படியில். 2009 ஜூலையில், ஃப்ளோரிடாவின் வெயிலில், கூட்டம் சேராத பயிற்சி மைதானங்களில் ஆட ஆரம்பித்தார். அதே மாதம் முதல் வெற்றி அவர் பெயரில் பதிவானது. அடுத்த வருடம் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்ற ஊர். 2010 முடிவில் தினேஷை கிளப் விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பி மறுபடி ஈட்டியை எடுத்தார். ரிங்கு டொமினிக்கன் குடியரசுக்குப் போனார். அங்கிருந்து வெஸ்ட் வர்ஜீனியா, குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா என்று அலைந்தார். ஹிந்தி மட்டும் தெரிந்து விமானம் ஏறிய பையன், ஆங்கிலத்தையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

சம்பளத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தக் காலத்தில் கீழ்ப்படிகளில் மாதம் 1,100 டாலர் அளவில் தொடங்கும். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பெரிய லீகில் கடைசி ஆளாக இடம் பிடித்தவருக்கும் 2012-ல் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 4,80,000 டாலர். இடைவெளி இவ்வளவு பெரிது என்பதால்தான் இத்தனை பேர் அந்த பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2014-ல் முன்னாள் சிறு லீக் ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றமோ இவர்களுக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை என்று கிளப்புகளுக்குச் சாதகமாகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பெயரில் 'தேசிய விளையாட்டைக் காப்பாற்றுதல்' என்று இருந்ததுதான் வேடிக்கை. வழக்கு 2022-ல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது 2023-ல்.

ரிங்குவின் நல்ல வருடம் 2012. வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்ற அணிக்காக 39 ஆட்டங்களில், 72 இன்னிங்ஸ் வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி மூன்று. எந்த மட்டத்திலும் இது கௌரவமான கணக்கு. ஐந்தே வருடங்களுக்கு முன் பந்தையே பார்த்திராதவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பத்திரிகைகள் யாரும் கொட்டை எழுத்தில் போட்டதாக நினைவில்லை. ஆனால் கீழ் லீகில் கிளப்புகள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. வயதையும் வேகத்தையும் பார்க்கின்றன. அந்த ஆகஸ்டில் அவருக்கு 24 வயது. அந்தப் படியில் அது சற்று அதிகம். பெரிய லீகுக்கு இன்னும் மூன்று படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

தாண்டவில்லை. 2013-ல் கை காயம். சீசன் முழுவதும் போயிற்று. பிறகு 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்ததால் அந்தப் பெயர். உடலின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து, முழங்கையில் கிழிந்த இணைப்பு நாருக்குப் பதிலாகப் பொருத்துவார்கள். டாமி ஜான் அதற்குப் பிறகு 164 ஆட்டங்களை வென்றார். ஆனால் கை தேற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட பிட்சருக்கு அது விடுப்பு மாதிரி. ஓரத்தில் நிற்பவருக்கு அந்த ஒரு வருடத்தில் பின்னாலிருந்து பத்துப் பேர் முன்னே போய்விடுவார்கள். ரிங்கு சீசன் ஆட்டம் எதிலும் மறுபடி வீசவில்லை. படம் இங்கே திரையரங்குகளில் ஓடிய 2014-ல், கதையின் நிஜ நாயகர் ஆட முடியாமல் இருந்தார்.

2018-ல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். டபிள்யூ டபிள்யூ ஈ மேடையில் 2022-ல் வீர் மஹான் என்ற பெயரில், நெற்றியில் பட்டையுடன், எதிரிகளைத் தூக்கி எறிந்தார். அந்தப் பெயரை அறிந்த சிறுவர்கள் இங்கே ஏராளம். அவர் பந்து வீசியவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அவர் விட்டுவந்த உலகமும் சுருங்கிவிட்டது. இடது கை நிவாரணக்காரர்களுக்கென்று ஒரு தனிப் பிழைப்பு இருந்தது: எதிரணியின் ஒரே ஒரு இடது கை ஆட்டக்காரருக்கு மட்டும் வீசிவிட்டுத் திரும்பிவிடலாம். 2020-ல், உள்ளே வந்தவர் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் சீசனுக்குப் பிறகு பெரிய லீகோடு இணைந்த சிறு கிளப்புகளின் எண்ணிக்கையை 160-லிருந்து 120 ஆக்கினார்கள். ரிங்கு ஆடிய ஸ்டேட் காலேஜ் அணியும் வெஸ்ட் வர்ஜீனியா பவரும் வெளியே தள்ளப்பட்டவற்றில் சேர்ந்தன. பவர் அணி பிறகு ஒரு தனி லீகில் சேர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது.