இறாத்தலா, கிலோவா?

எங்கட மொன்றியல் வீடுகளில் பிள்ளையின்ர நிறை இன்னும் இறாத்தல் கணக்கில்தான். "பேத்தி 22 வந்திட்டாள்" என்று அம்மம்மா பெருமையாகச் சொல்லுவா. அதையே பார்மசியிலும் சொன்னால்? 22 இறாத்தல் என்பது 10 கிலோ.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சிறுவருக்கு நிறையைப் பார்த்துத்தான் எழுதுவினம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு ஒமெப்ரசோல் வழக்கமாக நாளுக்கு, 10 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குள் 10 மில்லிகிராம். 20 கிலோவைத் தொட்டால் 20. இறாத்தலைக் கிலோவென்று பதிந்தால் மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

போத்தலையும் பாருங்கோ. ஒரு மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம் இருந்தால், 10 மில்லிகிராமுக்கு 5 மில்லிலீற்றர். 4 இருந்தால் இரண்டரைதான். பார்மசி மாறினால் கலவையும் மாறலாம். பழைய அளவை நினைவில் வைத்து ஊற்றாதேங்கோ. அண்ணாவின்ர மிச்ச மருந்தைத் தம்பிக்குக் கொடுக்காதேங்கோ.

பால் கக்கினாலும் சிரித்து விளையாடி நிறை கூடுகிற கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. பச்சையாகவோ இரத்தத்தோடோ சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. மற்றச் சந்தேகங்களுக்கு 811. இரவிலும் ஒரு நேர்ஸ் கதைப்பார்.

நான் மகளின்ர நிறையைக் கிலோவில், திகதியோடு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளை வளர வளர டொக்டரிடம் அளவைத் திரும்பக் கேட்க வேணும்தானே.