மின்சாரத்துக்கும் ஒரு பேரேடு வேண்டும்



நாமகிரிப்பேட்டையிலும் இராசிபுரம், சேலம் வட்டாரத்திலும் பழைய ஓட்டுக் கட்டடங்கள் போய், மாடிக் கடைகளும் பெரிய குடோன்களும் எழும்பி வருகின்றன. பொறியாளர் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறார். முகப்பு எப்படி இருக்கும் என்று வண்ணப் படமாகவே காட்டி விடுகிறார். கட்டுகிறவர்களும் கல்லா எங்கே வரும், லாரி உள்ளே திரும்புமா, வாசல் எந்தத் திசை என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மின்சாரம் என்று வந்தால் மட்டும், "அதை ஒயர்மேன் பார்த்துக் கொள்வார்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். இது மாற வேண்டும் என்பது நமது கருத்து.

ஒரு காலத்தில் மஞ்சள் குடோனில் மின்சாரம் என்றால் நடுவில் தொங்கும் ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான். இன்று அப்படியா? எலெக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா, ஏ.சி., பிரீசர், பாக்கெட் ஒட்டும் மெஷின், அரவை மோட்டார், ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றும் பிளக், போதாததற்கு இன்வெர்ட்டரும் கூரைமேல் சூரிய ஒளித் தகடும். இவ்வளவும் சணல் சாக்குகளுக்கும் மஞ்சள் தூசிக்கும் பக்கத்திலேயே ஓடுகின்றன. விரலி, கிழங்கு என்று தரம் பிரித்து அடுக்கிய ஓராண்டு முதல் முழுவதும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது.

கணக்குப் பிள்ளை இல்லாத மண்டி உண்டா? எந்தச் சரக்கு யாருக்குப் போயிற்று, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதற்குச் சிட்டையும் பேரேடும் வைத்திருக்கிறோம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் டி.பி. பெட்டிக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. பொறியாளர்கள் அதைப் 'பேனல் ஷெட்யூல்' என்பார்கள். நாம் மின்பலகை அட்டவணை என்று சொல்லலாம். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் ஒரு வரி. அந்த லைன் எந்த இடத்துக்குப் போகிறது, அதில் ஓடும் சாமான் என்ன, எத்தனை வாட்ஸ், எந்த பேஸ், ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், எம்.சி.பி. எத்தனை ஆம்பியர் என்று எழுதி, அடியில் மூன்று பேஸுக்கும் தனித்தனியே கூட்டுத்தொகை போட்டிருக்கும். வருங்காலத்துக்காக விட்ட காலி இடங்களும் அதில் தெரியும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கடையில் 1,800 வாட்ஸ் வீதம் இரண்டு ஏ.சி., இரண்டு பிரீசருமாக 1,000 வாட்ஸ், விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் எல்லாமாக 1,400 வாட்ஸ். ஆக மொத்தம் 6,000 வாட்ஸ். மூன்று பேஸ் இணைப்பு இருந்தும், வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே பேஸில் கோத்து விட்டால், 230 வோல்ட்டில் தோராயமாக 26 ஆம்பியர் அந்த ஒரே பேஸில் ஓடும். மற்ற இரண்டும் சும்மா இருக்கும். அதையே ஒரு ஏ.சி.யும் 200 வாட்ஸ் விளக்கும் ஒரு பேஸ், இன்னொரு ஏ.சி.யும் 200 வாட்ஸும் அடுத்த பேஸ், பிரீசர்களும் மீதி 1,000 வாட்ஸும் மூன்றாவது பேஸ் என்று பிரித்தால், ஒவ்வொன்றிலும் 2,000 வாட்ஸ்தான். 9 ஆம்பியருக்கும் குறைவு. சாமான் அதேதான். பிரித்துக் கொடுத்ததில்தான் வித்தியாசம். அட்டவணை கையில் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு அடிக்கூட்டிலேயே தெரிந்து விடும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், "16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டுக் கொடுப்பா" என்பது கடைத்தெருவில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. எம்.சி.பி. காப்பது சாமானை அல்ல, சுவருக்குள் போகும் ஒயரை. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டராகவே இருக்க, எம்.சி.பி.யை மட்டும் 32 ஆக்கினால், ஒயர் சூடேறிக் காப்பு உருகுமே தவிர எம்.சி.பி. விழாது. பழைய பீஸ் கட்டையில் கனத்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்த வேலையின் புது வடிவம் இது. அட்டவணையில் ஒயர் அளவும் எம்.சி.பி. அளவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால், மாற்ற வருகிறவர் கை தயங்கும்.

டெல்லியில் 1997 ஜூன் 13 அன்று உபகார் திரையரங்கில் நடந்ததை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 59 உயிர்கள் போயின. கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் கேபிள் இணைப்பை உரிய கருவி கொண்டு இறுக்காமல் அரைகுறையாகப் பழுது பார்த்ததும், அது தளர்ந்து பொறி பறந்ததும் வழக்கில் வெளிவந்தன. ஓர் அட்டவணை இருந்திருந்தால் அது நடந்திராது என்று நாம் சொல்ல வரவில்லை. "எரிகிறதே, ஓடுகிறதே, போதும்" என்ற மனப்பான்மைக்கு விலை என்ன என்பதைத்தான் சொல்கிறோம்.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். ஆட்டோடெஸ்க் கம்பெனியின் ரெவிட் போன்ற மென்பொருளில் கட்டடம் வரைகிற பொறியாளருக்கு இந்த அட்டவணை தனி வேலை அல்ல. முதலில் நம் நாட்டு வோல்ட்டேஜையும் மூன்று பேஸ் விநியோக முறையையும் அதில் பதிய வேண்டும். பிறகு வரைபடத்தில் டி.பி.யை வைத்து, அது எந்த விநியோக முறையைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். விளக்கு, பிளக், ஏ.சி. ஒவ்வொன்றையும் சர்க்யூட்டாகக் கோத்து அந்த டி.பி.யில் சேர்த்தால், அட்டவணை தானே எழுந்து நிற்கும். கூட்டலும் தானே நடக்கும். சர்க்யூட்டுகளை இடம் மாற்றலாம், ஸ்பேர் விடலாம், மூன்று பேஸையும் சமப்படுத்தச் சொல்லலாம். ஒரு பிளக்கை வரைபடத்தில் கூட்டினால் அட்டவணையிலும் கூடும்.

ஆனால் மென்பொருள் என்பது தராசு மாதிரி. தட்டில் வைத்ததைத்தான் நிறுத்துக் காட்டும். அமெரிக்க முறைக்கு அமைந்த மாதிரிப் படிவத்தில் 120 வோல்ட், 208 வோல்ட் என்று இருக்கும். அதை மாற்றாமல் போட்டால் கணக்கே தப்பு. முந்தைய கட்டடத்தின் அட்டவணையைப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆகவே அச்சிட்ட தாள் என்றதும் மயங்கிவிடக் கூடாது. இதில் நம் பங்கும் உண்டு. என்னென்ன மெஷின் வரப் போகிறது, எத்தனை குதிரைத் திறன், ஐந்து வருடத்தில் என்ன கூட்டுவோம் என்று சொல்ல வேண்டியவர் உரிமையாளர். உதாரணமாக 5 குதிரைத் திறன் மூன்று பேஸ் மோட்டார், ஓடும்போது ஏழு எட்டு ஆம்பியர் இழுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அதைச் சொல்லாமல் மறைத்தால் பொறியாளர் என்ன செய்வார்? மின்வாரியத்தில் லோடைக் குறைத்துக் காட்டுவதற்காக வீட்டுப் பொறியாளரிடமும் குறைத்துச் சொல்வது, வைத்தியரிடம் நோயை மறைப்பதற்குச் சமம்.

"சின்னக் கடைக்கு எதற்கு இவ்வளவு?" என்று சிலர் கேட்கலாம். சின்னக் கடைக்கு மென்பொருளே வேண்டாம். எட்டு எம்.சி.பி. இருந்தால் எட்டு வரி. பள்ளிக்கூட நோட்டுத் தாளில் கோடு போட்டு எழுதினாலும் அட்டவணைதான். "எங்கள் ஒயர்மேனுக்கு எல்லாம் மனப்பாடம்" என்பார் இன்னொருவர். அவர் ஊரில் இல்லாத நாளில் புகை வந்தால் எந்த எம்.சி.பி.யைத் தட்டுவது என்று கடைப் பையனுக்கு யார் சொல்வது?

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே:

1. புதிதாகக் கட்டுகிறவர்கள், வரைபடக் கட்டணம் பேசும்போதே மின்பலகை அட்டவணையும் சேர்த்துப் பேசிக் கொள்ளுங்கள்.

2. வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். முடிந்தபின் ஒவ்வொரு எம்.சி.பி.யையும் நிறுத்திப் பார்த்து, தாளில் உள்ளதும் சுவரில் உள்ளதும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

3. ஒரு பிரதியை டி.பி. கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரு பிரதி கட்டடப் பத்திரத்தோடு இருக்கட்டும்.

4. இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சூரிய ஒளித் தகடு இருந்தால் அதையும் அட்டவணையில் எழுதுங்கள். மெயினை நிறுத்திய பிறகும் வேறு வழியில் மின்சாரம் வரும் என்பது, பழுது பார்க்க வருகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி.

5. சாமான் கூட்டினாலும் குறைத்தாலும் அன்றே தேதியிட்டுத் திருத்துங்கள். திருத்தாத அட்டவணை, பதியாத பேரேடு போல ஆளை ஏமாற்றும்.

பழைய கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஒரு விடுமுறை நாளில் ஒயர்மேனைக் கூப்பிட்டு உட்கார்ந்தால் அரைநாள் வேலை. சங்கமும் தன் பங்குக்கு அட்டவணைப் படிவம் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர் அனைவருக்கும் வழங்க முன்வர வேண்டும். தணிக்கைக்குக் கணக்கை ஒழுங்காக வைத்துக் கொள்கிற வணிக சமுதாயம், தன் முதலையும் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளையும் காக்கிற இந்தக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக் கொள்கிறோம்.